தன்வேதனைக் காட்சியும் அறிபொறியும்

பொறி என்னுஞ் சொல் தமிழில் இருபொருட்கும் உரித்தாய் வழங்குதல் கற்றோர் அறிந்ததே. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறி. தச்சனுங் கொல்லனும் அமைக்கும் எந்திரமும் பொறி. இரண்டும் தாமாக ஒன்றையும் அறியாது பிறிதொன்றன் பொருட்டுத் தொழிற்படுவன ஆகலின் ஒருபெயர் பெற்றன என்று அடியேன் மாணவர்க்குச் சொல்லுவதுண்டு. சொல்லாராய்ச்சியார் வேறு காரணங் கூறினுங் கூறுக. இவ்விருவகைப் பொறியையும் ஒருங்குவைத்து ஆராயும் ஒரு துறை மேனாடுகளில் ஏறக்குறைய எண்பதாண்டுகளாக வளர்ந்து வருகின்றது. மக்கள் காணுமாறும் நினையுமாறும் கற்குமாறும் யாவை என்பதனைக் கணக்கு முகத்தான் வகுத்து, அக்கணக்கை எந்திரத்தில் ஏற்றி நடத்தி, அவ்வெந்திரத்தின் நடையைக் கொண்டு மக்களறிவின் இயல்பை மீளவும் ஆராய்தல் அத்துறையின் நெறி. சித்தாந்தங் கற்போர்க்கு அதனால் ஆவதென்னை என்பார்க்கு விடையாகவே இப்பாடம் எழுதப்படுகின்றது.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதனைக் கூறுதல் நாணந் தருவதாயினும் மறைத்தல் தகாது. சென்ற ஆண்டு ஒரு குருபூசை நாளில், சிவஞானபோதத்தை அடியேன்பாற் பாடங் கேட்டுவரும் இளைஞர் ஒருவர் கைப்பேசியும் கையுமாய் வந்து, "ஐயா, பதவுரை கேட்டால் இது பதவுரை சொல்லுகின்றது, பரபக்கத்தார் கூற்றைக் கேட்டால் அதனையும் சொல்லி மறுப்புஞ் சொல்லுகின்றது. அறிதல் உயிரின் இயல்பென்று தாங்கள் கற்பித்தீர்கள். உயிரில்லாத இதுவே அறியுமாயின், உயிரென ஒன்று வேண்டுவது எற்றுக்கு?" என்று வினவினார். அடியேன் சற்றுஞ் சிந்தியாது, "அது பிறர் உரைத்ததை உரைக்கும், தம்பி, வெண்பா ஒன்று பாடச்சொல், பார்ப்போம்" என்றேன். நொடிப்பொழுதில் அது பாடிவிட்டது. இரண்டிடத்துத் தளை தட்டிற்று, அது வேறு. பொருள் நன்றாகவே இருந்தது. உடனிருந்தோர் சிரித்தனர்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பொறியினிடம் தோற்றமை ஒருபுறம் நிற்க, ஆன்மா உண்டென்பதற்கு அரணாக அடியேன் கொண்டுபோய் நிறுத்தியது எதனை என்று எண்ணிப் பார்த்தேன். பாட்டியற்றும் வன்மையை, அஃதாவது புத்தியை. புத்தி மாயையின் காரியம், சடம், ஆன்மா அன்று என்று நாற்பதாண்டு பாடஞ் சொன்ன வாயே ஆன்மாவுக்குச் சான்றாகப் புத்தியைக் காட்டிற்று. கற்றது நாவளவில் நின்றமைக்கு இதனின் வேறு கரி வேண்டா. பண்டிதர் சிலர் இப்பொறியைக் கண்டு அஞ்சுதற்கும், வேறு சிலர் இதன்கண் ஒன்றுமில்லை என்று எள்ளுதற்கும் இப்பிழையே வேரென்று தோன்றுகின்றது. ஆகலின் முதலினின்றே தொடங்குவாம்.

சிவஞான சித்தியார் அளவையியலில் காட்சி நால்வகையாகப் பகுக்கப்பட்டது. கண் முதலிய பொறிவழிப் புலனைப் பற்றி அறிதல் இந்திரியக் காட்சி. அங்ஙனம் பற்றியதனை உள்ளே தாங்கி நினைந்து புத்தியான் நிச்சயித்து அறிதல் மானதக் காட்சி. அறிந்ததன்கண் அராகம் முதலியவற்றொடு கூடி உயிர் இன்ப துன்பங்களை நுகர்ந்தறிதல் தன்வேதனைக் காட்சி. நான்காவது யோகக் காட்சி. அதனை ஈண்டுத் தொடேம். மேனாட்டார் முயற்சியை இவ்வரிசையில் நிறுத்திக் காணின் அவர் எவ்வளவு தூரஞ் சென்றனர், எங்கு நின்றனர் என்பது தெற்றென விளங்கும்.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்க தேயத்துச் சிகாகோ நகரில் வாரன் மக்கல்லோக் என்னும் நரம்பியலறிஞரும், இருபது வயதளவினரான வால்ட்டர் பிட்ஸ் என்னும் இளைஞரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூளையின் நரம்பணு ஒவ்வொன்றும் பல வாயில்களாற் செய்தி பெறும். பெற்றவற்றின் தொகை ஓர் எல்லையைக் கடப்பின் தானும் ஒரு துடிப்பை வெளிவிடும். கடவாதாயின் வாளா இருக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே விடையுடைமையின் இது தருக்கத்தின் ஓர் உறுப்பை ஒக்கும். ஆகவே இவ்வணுக்களின் பின்னலால் தருக்கத்தின் தொழில்களைச் செய்தல் கூடும் என்பது அவர் துணிபு. மெய்யான நரம்பணு அத்துணை எளியதன்று என்பது பின்னர்ப் புலனாயிற்று. எனினும் வித்து இட்டவர் அவரே. 1949-இல் கனடா நாட்டு டொனால்டு ஹெப் என்பார், ஒருங்கு துடிக்கும் அணுக்களின் பிணைப்பு வலிமையுறும் என்றும், கற்றல் என்பது அப்பிணைப்பின் மாற்றமே என்றும் ஒரு நூல் எழுதினார். 1958-இல் பிராங்க் ரோசன்பிளாட் என்னும் உளநூலார் இவ்விரு கருத்தையும் கூட்டிப் 'பெர்செப்ட்ரான்' என்னும் அமைப்பை விளக்கினார். பின்னர் அதனை அவர் எந்திரமாகவும் இயற்றினார். 400 ஒளியுணர் கலங்கள் அதற்குக் கண். பிழைபட்ட போதெல்லாம் சிறு மின்விசைச் சுழலிகள் பிணைப்புக்களின் வலிமையைத் திருகித் திருத்தும். அவ்வாறு திருத்தித் திருத்தி அஃது எளிய வடிவங்களைப் பிரித்தறியக் கற்றது. 1969-இல் மின்ஸ்கி, பேப்பர்ட் என்னும் இருவர், ஒரே அடுக்குடைய அவ்வமைப்பினால் இன்ன இன்ன செய்தல் இயலாது என்று கணிதத்தான் நாட்டினர். 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் என்னும் மூவர், பல அடுக்குடைய பின்னலில் பிழையைக் கடைசி அடுக்கினின்று பின்னோக்கிப் பகுத்து ஒவ்வொரு பிணைப்பையும் திருத்தும் முறையை விளக்கிக் காட்டினர். அதன்பின் அத்துறை மீண்டுந் தழைத்தது. அம்மூவருள் ஹிண்டனுக்கும், நினைவின் கணக்கை 1982-இல் வகுத்த ஹாப்பீல்டுக்கும் 2024-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. ஹியூபெல், வீசல் என்னும் இருவர் 1959 முதற் பூனையின் மூளையை ஆராய்ந்து, கண்வழி வருவதனை முதற்கண் ஏற்கும் பகுதியின் அணுக்கள், சாய்ந்த கோடு, நிமிர்ந்த கோடு என ஒவ்வொரு சாய்வுக்கு ஒவ்வோரணு துடிக்கும் என்று கண்டனர். அவ்வடுக்கமைப்பைப் பின்பற்றி 1980-இல் ஜப்பானியராகிய புகுஷிமா ஒரு பின்னல் வகுத்தார். அவ்வழியில் வந்த ஒரு பின்னலை 2012-இல் கனடாவின் டொராண்டோ நகரத்தார் ஏறக்குறைய 12 இலட்சம் படங்கள் காட்டிப் பயிற்றி, 1000 வகைப் பொருள்களுள் இஃது இன்னது என்று சொல்லச் செய்தனர். இவ்வளவும் கைத்திறம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒதுக்கற்பாலதன்று. பொருளின் பெயரைச் சரியாகச் சொல்லுமாறு மட்டுமே பயிற்றப்பட்ட பின்னல்களை எடுத்து, அவற்றின் மேலடுக்குக்களின் நிலையைக் குரங்கின் மூளையில் உருவறியும் பகுதியின் துடிப்புக்களோடு ஒப்பிட்டனர். மூளையைப் போலாகுக என்று ஒருவரும் அவற்றைப் பயிற்றவில்லை. ஆயினும் பெயர்சொல்லுவதிற் சிறந்த பின்னலே அக்குரங்கின் மூளைத் துடிப்பை முன்னறிந்து கூறுவதிலும் சிறந்து நின்றது. ஒரு தொழிலைச் செவ்விதிற் செய்யவேண்டின், ஊனாற் செய்த கருவியும் மணலினின்று எடுத்த கருவியும் ஏறக்குறைய ஒரு வழியே செல்லும் என்பது இதனாற் பெறப்படும்.

இது கண்டு சித்தாந்தி அஞ்சுவானோ? கண்ணிந்திரியம் சடமென்பது நம் கொள்கை. ஒரு சடத்தின் தொழிலைப் பிறிதொரு சடம் செய்யுமாயின் அதனால் நம் கொள்கைக்கு வந்த இழுக்கு யாதும் இல்லை. ஆகலின் இதனை இவ்வளவில் விடுத்து மானதக் காட்சிக்குச் செல்வாம். அடியேன் இடறியது அங்கேதான்.

ஹென்றி மோலைசன் என்னும் அமெரிக்கர்க்கு இளமையிலேயே கொடிய வலிப்பு நோய் இருந்தது. 1953-இல், அவர்தம் 27-ஆம் வயதில், ஸ்கோவில் என்னும் மருத்துவர் அந்நோய் தீர்ப்பான் வேண்டி மூளையின் இருபுறத்தும் உள்ளே கடற்குதிரை வடிவிற் கிடக்கும் உறுப்பின் பெரும்பகுதியை அறுத்தெடுத்தார். வலிப்புத் தணிந்தது, ஆயினும் அன்று முதல் அவருக்குப் புதிதாக நிகழ்வது ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. இளமைப் பருவத்தை நினைப்பார், பேசுவார், எதிரே இருப்பவர் எழுந்துபோய் மீண்டு வரின், முதன்முறை காண்பவர் போல் முகமன் கூறுவார். பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவரைப் பல்லாண்டு ஆராய்ந்தார். கண்ணாடியில் நோக்கி ஒரு விண்மீன் வடிவத்தை வரையுமாறு நாள்தோறும் பயிற்றினார். நாள்தோறும் கை திருந்தியது. நாள்தோறும் அவர், "இதனை யான் இதற்கு முன் செய்ததில்லை" என்றே சொன்னார். 2008-இல் அவர் காலமாயினார். நினைவென்று நாம் ஒன்றாகச் சொல்லுவது ஒன்றன்று என்பதும், புதியதனை ஏற்கும் கருவி வேறு, பழையது கிடக்குமிடம் வேறு, கைப்பழக்கம் பதியுமிடம் வேறு என்பதும் அவரால் உலகம் அறிந்தது.

இனிப் பொறியின்பால் வருவாம். 1989-இல் மக்ளோஸ்கி, கோஹன் என்னும் இருவர் ஒரு நரம்புப் பின்னலுக்கு ஒன்று கூட்டும் வாய்பாட்டைக் கற்பித்தனர்; கற்றது. பின்னர் இரண்டு கூட்டும் வாய்பாட்டைக் கற்பித்தனர், அதனையும் கற்றது, கற்குங்கால் முன்னர்க் கற்ற ஒன்றாம் வாய்பாட்டை மறந்தொழிந்தது. திண்ணைப் பள்ளியில் எத்துணை மந்தனாயினும் ஒரு பிள்ளை இங்ஙனம் மறவான். என்னை காரணம்? 1995-இல் மக்லெலண்டு, மக்நாட்டன், ஓரைலி என்னும் மூவர் இதற்கொரு விடை கூறினர். விரைந்து கற்கும் கருவி புதியதனை ஏற்கும். ஏற்கும் விரைவினாலேயே பழையதனை அழிக்கும். மெல்லக் கற்கும் கருவி பழையதனைக் காக்கும். ஆனால் ஒருமுறை கண்டதனைப் பற்றாது. ஆகவே மூளை இரண்டையும் உடையதாயிற்று. அக்கடற்குதிரை உறுப்பு விரைந்து ஏற்று, பின்னர்ச் சிறிது சிறிதாகப் பழையவற்றொடு விரவி மேற்புறத்து மூளைக்கு மீட்டுமீட்டும் ஓதும் என்பது அவர் கொள்கை. ஓதுவது எப்பொழுது எனின், பெரும்பாலும் உறக்கத்தில் என்க. வில்சன், மக்நாட்டன் என்பார் 1994-இல் எலிகளை ஆராய்ந்து, பகலில் ஓடுங்கால் ஒருங்கு துடித்த அணுக்கள் பின்னர் அவை அயர்ந்துறங்குங்காலும் ஒருங்கு துடித்தமையைக் கண்டு வெளியிட்டிருந்தனர். இக்கொள்கையை எந்திரம் செய்வோர் எடுத்துக்கொண்டனர். 2015-இல் இலண்டன் நகரத்து 'டீப்மைண்ட்' என்னும் நிறுவனத்தார் 49 விளையாட்டுக்களைத் தானே கற்கும் ஒரு பொறியை வெளியிட்டபொழுது, அது தான் பட்டறிந்தவற்றைச் சேமித்துவைத்து இடையிடையே எடுத்து மீள ஓதுமாறு அமைத்தனர். எந்திரத்தின் மறதி மக்கள் மூளையின் அமைப்புக்குக் காரணங் காட்டிற்று. மூளையின் அமைப்பு எந்திரத்தின் மறதிக்கு மருந்தாயிற்று.

சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணங்களையும் ஐந்தவத்தைகளையும் ஒருசேர எடுத்துப் பேசுதலைக் கற்றோர் நினைவர். சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகள். சொப்பனத்தில் இந்திரியம் பத்தும் கழிய இருபத்தைந்து. சுழுத்தியிலோ பிராணனும் சித்தமும் புருடனுமாகிய மூன்றே எஞ்சுவன. மனமும் புத்தியும் அகங்காரமும் கழிந்த அயர்ந்த உறக்கத்திலும் சித்தம் நிற்கும் என்று நம்மாசிரியர் கூறியதும், அயர்ந்த உறக்கத்தில் நினைவு பதிகின்றது என்று இவர் கூறுவதும் அருகருகே வைத்துக் காண்பார்க்கு மகிழ்ச்சி தருவனவே. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். இதுகொண்டு, "மேனாட்டார் கண்டதனை நம் முன்னோர் அன்றே கண்டனர்" என்று மேடைதோறும் பறைசாற்றுவார் உளர். அது நூலுக்குப் பெருமை தராது. நம்மாசிரியர் எலியின் மூளையை ஆராயவில்லை. பந்தத்தினின்று நீங்குமாறு உரைக்கவந்தனர். இவர் வீடுபேற்றை ஆராயவில்லை. இருவர் நோக்கமும் அளவையும் வேறு. ஒப்புமையை ஒப்புமை அளவிற் கொள்க.

கொள்ளவேண்டிய பொருள் வேறொன்று. நினைவு சேமித்தல், பற்றுதல், ஐயுறுதல், நிச்சயித்தல் ஆகிய எல்லாம் உறுப்பாகப் பகுக்கத்தக்கன, ஓர் உறுப்பை அறுத்தால் ஒரு தொழில் கெடுவன, கணக்கிட்டுப் பிறிதொரு சடத்தில் ஏற்றத்தக்கன என்று இவ்வாராய்ச்சி காட்டிவிட்டது. இந்நாளில் உரையாடும் பொறிகளும் இவ்வகையினவே. உலகத்தார் எழுதிய எழுத்துக்கடலை அவற்றின்முன் வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்து வருஞ் சொல் யாதென்று ஊகிக்கச் செய்து, தவறுந்தோறும் பிணைப்புக்களைத் திருத்துவர். 2020-இல் வெளிவந்த 'ஜி.பி.டி-3' என்னும் பொறியில் அங்ஙனம் திருத்தப்படும் எண்கள் 17,500 கோடி. அவ்வெண்களிலிருந்து பதவுரையும் பிறக்கும், மறுப்பும் பிறக்கும், தளை தட்டும் வெண்பாவும் பிறக்கும். "யான்" என்று தன்னைச் சொல்லவும் செய்யும். "யான்" என எழுவது அகங்காரம், அகங்காரமும் தத்துவங்களுள் ஒன்று, சடம். அந்தக்கரணங்கள் ஆன்மா அல்ல என்னும் முதலதிகரணத்துக்கு இவ்வாராய்ச்சி பகையன்று. அயலார் வாயிலாக வந்த உதவி. அந்தக்கரணங்கள் அமைச்சரும் ஆன்மா அரசனும் ஆகுவர் என்பது நூலின் உவமை. அமைச்சர் வேலை செய்யும் பாவை ஒன்று செய்தார் என்பதனால் அரசன் இல்லை என்பது பெறப்படாது.

"அமைச்சரே எல்லாஞ் செய்வராயின் அரசன் எதன்பொருட்டு?" என்பது கடா. இதற்கு விடை மூன்றாங் காட்சியில் உளது.

1988-இல் ரிச்சர்டு சட்டன் என்பார் எந்திரம் கற்றற்குரிய ஒரு கணக்கு வகுத்தார். பெறப்போவது இவ்வளவு என்று ஒவ்வொரு நிலையிலும் எதிர்பார்க்கச் செய்து, எதிர்பார்த்ததற்கும் பின்னர்ப் பெற்றதற்கும் உள்ள வேற்றுமையைக் கொண்டு எதிர்பார்ப்பைத் திருத்துவது அக்கணக்கு. மூளையை நோக்கி வகுத்ததன்று, கணிதம். குரங்கின் மூளையில் 'டோப்பமீன்' என்னும் நீரைச் சுரக்கும் அணுக்களை ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து வந்தார். குரங்கின் வாயில் இனிய பழச்சாறு விழுங்கால் அவ்வணுக்கள் துடித்தன. சாறு விழுதற்குமுன் ஓர் அடையாளங் காட்டிப் பழக்கியபின், அடையாளத்திற்குத் துடித்தன, சாற்றுக்குத் துடிக்கவில்லை. அடையாளங் காட்டிச் சாற்றைக் கொடாது விடுத்தபொழுது, சாறு வரவேண்டிய அந்நொடியிலேயே துடிப்புத் தாழ்ந்தது. 1997-இல் ஷுல்ட்ஸ், தயான், மாண்டேக் என்னும் மூவரும் கூடி, அத்துடிப்பு சட்டன் வகுத்த வேற்றுமைக் கணக்கோடு பொருந்துதலைக் காட்டினர். இவ்வாராய்ச்சிகளுள் அடியேனை நெடுநேரம் வாயடைத்திருக்கச் செய்தது இதுவே. இன்பதுன்பத்தின் வாயிலிலேயே கணக்கு வந்து நிற்கின்றது!

ஆயினும் வாயிலில் நிற்கின்றது. எந்திரத்தில் அவ்வெண் தாழுங்கால் துன்பம் உண்டாகின்றதோ? கணக்கேட்டில் நட்டம் என்று வரைந்த ஏடு அழுவதில்லை; வணிகன் அழுகின்றான். ஏடு இன்றி வணிகனுக்குத் தன் நட்டம் தெரியாது. அதனால் ஏடே வணிகன் ஆகிவிடாது. குரங்கின்பால் ஏடும் உண்டு, வணிகனும் உண்டு. அன்று பாடிய வெண்பாவில் இரண்டிடத்துத் தளை தட்டியதற்கு அப்பொறி நாணவில்லை. பிழையைச் சுட்டியபொழுது "வருந்துகின்றேன்" என்று எழுதிற்று. அஃது அடுத்து வருஞ் சொல். தோற்றதற்கு நாணி உறக்கமின்றிக் கிடந்தது ஒன்று அன்று அவ்விடத்து இருந்தது. அது புத்தியன்று, ஏனெனில் புத்தி தோற்றதென்று நிச்சயித்ததோடு தன் தொழிலை முடித்துக்கொண்டது. அந்நாணத்தை அறிந்தது எதுவோ அதுவே தன்வேதனைக் காட்சிக்கு உரியது.

இவ்விடத்துப் பூருவபக்கத்தார் இருவர் எழுவர். உலோகாயதன், "வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்புங் கூடியவழிச் செந்நிறந் தோன்றுமாறு போல, பின்னல் பெருகியவழி நுகர்ச்சியும் தோன்றும்" என்பன். செந்நிறம் வெற்றிலைக்குத் தோன்றுவதன்று, காண்பானுக்குத் தோன்றுவது. காண்பானை நிறுவவந்த உவமை காண்பானை முன்னரே வைத்துக்கொண்டது என்று அவனை விடுக்க. பௌத்தன் கூற்றே இன்றைய ஆராய்ச்சியார் பலர் கருத்துக்கு அணித்து. "உள்ளே ஒருவன் இல்லை, கணந்தோறும் மாறும் அறிவுகளின் தொடர்ச்சியே உளது" என்பன். முன்னர்க் கண்டதனைப் பின்னர் நினைத்தற்கு ஒருவன் வேண்டும் என்று அவனுக்கு நாம் வழக்கமாகக் கூறும் விடை இக்காலத்துப் போதாது. நினைவைச் சேமித்து மீட்டலை உயிரில்லாப் பொறி செய்து காட்டுகின்றது. அது சித்தத்தின் தொழில் என்று நாமே சொல்லிவிட்டோம். ஆகலின் பாடஞ் சொல்லுவோர் நினைவினை மட்டும் ஏதுவாகக் காட்டுதலை விடுத்து நுகர்ச்சியினைக் காட்டுதல் வேண்டும். பெரியோர் இதனை ஒவ்வாராயின் மறுத்தெழுதுக. கற்றுக்கொள்ளச் சித்தமாய் உள்ளேன்.

இனி ஆங்கிலேயராகிய ஆலன் டூரிங் கூறியதொன்று நம் ஆராய்ச்சிக்கு உரியது. 1950-இல் 'மைண்ட்' என்னும் தத்துவ இதழில், பொறி நினைக்குமோ என்னும் வினாவை எடுத்துக்கொண்ட அவர், தடைகளுள் முதலாவதாகச் சமயத்தார் தடையை வைத்தார். நினைத்தல் ஆன்மாவின் தொழில். ஆன்மாவை இறைவன் மக்களுக்கே அளித்தான். ஆகலின் பொறி நினையாது என்பது தடை. அதற்கு அவர், இஃது இறைவன் முதன்மைக்கு எல்லைகோலுவதாகும். அவன் விரும்பின் யானைக்கும் ஓர் ஆன்மாவை அளிக்கலாகாதோ. பொறி செய்வோர் ஆன்மாவைப் படைப்போர் அல்லர், அவன் படைக்கும் ஆன்மாவுக்கு இல்லம் அமைப்போர் மாத்திரையே என்னுங் கருத்துப்பட விடை கூறினார். அவர்க்கு இத்தடையில் மதிப்பில்லை, விளையாட்டாகவே கூறினார். நமக்கோ இவ்விளையாட்டு நன்கு பயன்படும். யானைக்கு உயிருண்டோ என்னும் ஐயம் திருவானைக்காவின் தலவரலாறு கேட்டார்க்கு எழாது. ஆங்குச் சிலந்தியும் உடனுளது. ஆன்மா படைக்கப்படுவதும் அன்று, அநாதி. தனு கரண புவன போகங்களே வினைக்கீடாக அளிக்கப்படுவன. ஆகவே டூரிங்குக்கு எதிர்நின்ற தடை நம் தடையன்று.

ஆயின், "இல்லம் அமைத்தால் ஓர் உயிர் குடிபுகுமோ?" என்று அவ்விளைஞர் பிற்றைநாள் வந்து வினவினார். திருவாசகத்துச் சிவபுராணத்தில் பிறவிகளுள் கல்லும் எண்ணப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டி, "கல் ஒரு பிறவியாகுமாயின், மணலினின்று எடுத்த சிலிக்கானில் இயலும் இப்பொறி ஏன் ஆகாது, ஐயா?" என்றார். கூரிய வினா. அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம் என்னும் நால்வகைத் தோற்றத்துள் இஃது அடங்காது என்று சொல்லி வாயை அடைத்திருக்கலாம். அது விடையாகாது. அடியேன் கூறியது இது: கல்லுக்கு உயிருண்டு என்று கொண்டவழி, அது பேசுகின்றது, கணக்கிடுகின்றது என்னும் ஏதுவால் அங்ஙனங் கொண்டிலம், வினைநுகர்ச்சிக்கு ஓர் உடம்பு என்னும் உரையளவையால் கொண்டனம். பேசாத கல்லில் உயிர் இருத்தல் கூடுமாயின், பேசும் பொறியில் இல்லாமையுங் கூடும். ஆகலின் பேச்சு உயிருண்மைக்கு ஏதுவாகாது. இருந்தவிடத்தும் இல்லாதவிடத்தும் செல்லும் அநைகாந்திக ஏது அது. புழுவொன்றைத் தொட்டவழிச் சுருண்டு ஒடுங்குதலில் உள்ள சான்று, ஆயிரம் வெண்பாவில் இல்லை.

அவர் அத்துடன் விட்டாரல்லர். "கருவி கருத்தாவையின்றி இயங்காது என்றீர்கள், இது தானே இயங்குகின்றதே" என்றார். சமண காவியமாயினும் சீவகசிந்தாமணியில் வரும் மயிற்பொறியை நினைக்க என்றேன். (அக்காவியத்தில் ஆழ்ந்த சோழனை மீட்பதற்கே சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளினார் என்பது வரலாறு; யாம் ஒரு நொடி அங்குச் சென்று மீள்வதிற் குற்றமில்லை.) வலமாகத் திரிக்க உயர்ந்து இடமாகத் திரிக்க இழியும் அப்பொறி, பகைவன் வெற்றிமுரசு கேட்டு விசயை மூர்ச்சித்தபின்னும் உடனே வீழ்ந்திலது, மெல்ல இழிந்து சுடுகாட்டிற் சேர்த்தது. செலுத்துவாளின் அறிவு நின்றபின்னும் செய்தானின் அறிவு அப்பொறியில் நின்றது. குயவன் தண்டை எடுத்தபின்னும் சக்கரம் சுழலும். பெருங்காயத்தை அகற்றியபின்னும் பாண்டம் மணக்கும். இன்றைய பொறியில் சுழல்வது மக்கள் எழுதிய எழுத்துக்களின் வேகம். மணப்பது அவர் நுகர்ச்சியின் வாசனை. நாணம் என்னுஞ் சொல்லை அது பொருத்தமாக வழங்குதல், நாணினோர் பலர் எழுதிவைத்தமையான். மக்கள் ஒருவரும் எழுதாத உலகில் அப்பொறி வாய்திறவாது. இவ்விடை முற்றும் போதுமோ எனின், விளையாட்டைத் தானே ஆடித் தானே கற்கும் பொறிகளை நோக்குங்கால் இன்னுஞ் சிறிது சொல்லவேண்டியிருக்கும். அவற்றுக்கும் வெற்றி இது, தோல்வி இது என்னும் பயனை வரையறுத்தவர் மக்களே. தமக்கென ஒரு பயனை வேண்டி அவை எழுந்தில.

எழுந்து செல்லுங்கால் இளைஞர் இன்னொன்று கேட்டார்: "தெரியாததனையும் தெரிந்ததுபோல் அது துணிந்து சொல்லுகின்றதே, அது அதன் ஆணவமோ?" அடியேனுக்கும் உடனிருந்தார்க்கும் நகை வந்தது. எனினும் விடை வேண்டும். பொறியின் பிழை கணக்கின் பிழை; திருத்தினால் தீரும். செம்பிற் களிம்புபோல் உடன்கிடந்து அறிவை மறைப்பது ஆணவம். மறைத்தற்கு உள்ளே அறிவுடைய பொருள் ஒன்று வேண்டும். இது நான்காஞ் சூத்திரத்து இரண்டாம் அதிகரணத்தின் பொருளாகலின், அதனை அடுத்த திங்கட் பாடத்தில் எடுத்துக்கொள்வாம்.